ஸ்ரெல்லாவின் பசி

உரும்பிராய் வாசிகசாலையில் செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்குக் கிளினிக் நடக்கும். அன்றைக்கு வாங்குப் பலகைகளில் இருபது பெண்களுக்கு மேல் இருந்தார்கள். வாசலில், செருப்புகள் கழற்றிக் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், ஒரேயொரு ஆண் நின்றான். கையில் மனைவியின் கிளினிக் அட்டை இருந்தது. வாங்கில் இடம் இருக்கிறது என்று யாரோ சொன்னபோதும் அவன் அசையவில்லை.

அவன் பெயர் சிமியோன். குருநகரில் பிறந்தவன். பன்னிரண்டு வயதில் தகப்பனோடு வள்ளத்தில் ஏறியதிலிருந்து கடல்தான். போன வருசம் ஆனி மாதம் இராணுவம் இருந்த யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கமிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கியபோது, மனைவி ஸ்ரெல்லாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டான். உரும்பிராயில் மார்க்கண்டு என்ற தோட்டக்காரர் தன்னுடைய வெங்காயக் கொட்டிலை இவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். இப்போது சிமியோன் அவருடைய தோட்டத்தில் மண்வெட்டி பிடிக்கிறான். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று விடிய எழுந்து பார்க்கிற பழக்கம் மட்டும் இன்னும் விடவில்லை.

கொட்டிலுக்கு வந்து சில மாதங்களில் ஸ்ரெல்லா பிள்ளை வயிற்றோடு இருப்பது தெரிந்தது. அதோடு அவள் சாப்பிடத் தொடங்கினாள். மார்க்கண்டரின் மனைவி பாலேஸ்வரி கொடுக்கிற மரவள்ளிக்கிழங்கு, பனங்கட்டி, காலையில் மிஞ்சிய புட்டு என்று எதையும் மிச்சம் விடமாட்டாள். அரசாங்கம் வடக்குக்குச் சாமான் விடாத தடைக்காலம். சீனியும் மாவும் எட்டாப் பொருளாகி ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, அவள் ஒருத்தி பெருத்துக்கொண்டு போனாள். ஐம்பது கிலோவில் தொடங்கிய நிறை ஆறாம் மாதத்தில் எழுபதைத் தொட்டது. முகம் ஊதிச் சின்னக் கண்கள் இன்னும் சின்னதாகின. "இரட்டைப் பிள்ளையோ?" என்று பாலேஸ்வரி இரண்டு தரம் கேட்டுவிட்டாள்.

சிமியோன் முதலில் சந்தோசப்பட்டான். பிறகு ஒருநாள், மத்தியானம் திரும்பிய நேரம், மண்வெட்டிப் பிடி கழன்றதென்று கொட்டிலுக்கு வந்தான். ஸ்ரெல்லா அடுப்படிக்குப் பின்னால் குந்தியிருந்து அவித்த கிழங்கைத் தின்றுகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் கண்ணீர். வாய் மட்டும் நிற்கவில்லை. ஒரு துண்டு முடிய அடுத்த துண்டு, மருந்து விழுங்குவதுபோல. அவளுக்குப் பசியில்லை என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அவன் காலடிச் சத்தம் கேட்காமல் திரும்பிப் போய்விட்டான். அன்று முழுதும் அவனுக்கு வேலை ஓடவில்லை.

அந்தக் கிழமைதான் அவள் கிளினிக்குக்குப் போவதை நிறுத்தியது. இரண்டு தவணை தவறிவிட்டது. கேட்டால் முகத்தைத் திருப்புவாள். ஆகவேதான் அவன் தானே அட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

ஊர் மருத்துவிச்சி தேவமலரை எல்லோரும் மிஸி என்றே கூப்பிடுவார்கள். ஐம்பது வயது, கண்ணாடி, உரத்த குரல். அவர் அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"தாய் எங்கை?"

"வரமாட்டன் எண்டுறாள், மிஸி."

"எட்டாம் மாதம் தொடங்கியிட்டுது. பிரஷர் பாக்காமல் விடேலாது."

"அதுதான் நான் வந்தனான்."

"உம்மடை பிரஷரைப் பாத்து நான் என்ன செய்யிறது, தம்பி?"

வாங்கில் சிரிப்பு எழும்பியது. சிமியோன் சிரிக்கவில்லை. தேவமலர் மறுபடியும் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பேனையை வைத்துவிட்டு, அவனைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"சொல்லும்."

அவன் அடுப்படிக்குப் பின்னால் கண்டதைச் சொன்னான். "அவளுக்குப் பசியில்லை, மிஸி. பசியில்லாமல் தின்னுறாள். எனக்குப் பயமாக் கிடக்கு."

"கிளினிக்குக்கு ஏன் வாறேல்லையாம்?"

அவன் தயங்கினான். "கடைசியா வந்த நாள் நீங்கள் ஏதோ சொன்னனீங்களாம். சனம் தின்ன வழியில்லாமல் கிடக்கு, உமக்கு மட்டும் எங்கையிருந்து வருது எண்டு. எல்லாரும் சிரிச்சவையாம்."

தேவமலர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"ஓம், அப்படிக் கேட்டனான்தான்," என்றார். "இது முதல் பிள்ளை எண்டு அட்டையிலை கிடக்கு."

"இல்லை, மிஸி. இதுக்கு முதல் ஒண்டு. இரண்டு நாள்தான் இருந்தது."

"எனக்கு அவ அதைச் சொல்லேல்லையே."

"என்னோடையும்தான் அதைப் பற்றிக் கதைக்கிறேல்லை."

மிஸி அட்டையை மடித்து அவனிடம் கொடுத்தார். "நாளைக்குப் பின்னேரம் வாறன். நான் வருவன் எண்டு அவவுக்குச் சொல்லிப்போடும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிக்கக்கூடாது."

சிமியோன் வீட்டுக்குப் போய்ச் சொன்னான். "ஆரைக் கேட்டுப் போனனீங்கள்?" என்றாள் ஸ்ரெல்லா. அதற்குப் பிறகு அன்று முழுக்க அவனோடு கதைக்கவில்லை. ஆனால் அடுத்தநாள் கொட்டிலைக் கூட்டி, பாலேஸ்வரியிடம் ஒரு கதிரை இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

தேவமலர் சைக்கிளில் வந்தார். கதிரையில் இருக்கவில்லை. பாயில், ஸ்ரெல்லாவுக்கு முன்னால் காலை மடித்து இருந்தார். சிமியோன் வெளியே பூவரசின் கீழ் வெங்காயம் பிடி கட்டிக்கொண்டிருந்தான். தட்டி மறைப்புத்தான், உள்ளே கதைப்பது அவனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"பிள்ளை, அண்டைக்கு நான் கதைச்சது பிழை," என்றார் மிஸி. "அதைச் சொல்லத்தான் முதல் வந்தனான். மற்றதெல்லாம் பேந்து."

மிஸி அவளுடைய காலை அமத்தி வீக்கம் பார்த்தார். கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். கொஞ்சம் கூடத்தான், இன்னும் பயப்படுகிற அளவு இல்லை என்றார். பிறகு, சந்தையில் தக்காளி இருக்கிறதா என்று கேட்பது மாதிரி மிகச் சாதாரணமாகக் கேட்டார்:

"மூத்ததுக்கு என்ன பேர்?"

வெளியே சிமியோனின் கை அப்படியே நின்றது. இரண்டு வருசமாகிறது. இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அடுத்த பிள்ளை வரும், மறந்துவிடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அவனும் சொன்னான்.

"மக்டலீன்," என்றாள் ஸ்ரெல்லா. "ஆசுப்பத்திரியிலை ஒரு சிஸ்ரர் அவசரமாத் தண்ணி தெளிச்சு வைச்ச பேர். ஏழு மாதத்திலை பிறந்தவள். மூண்டு இறாத்தல். தலைமயிர் நிறைய இருந்தது."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவில்லை. அந்த முறை சத்தியெடுத்துச் சத்தியெடுத்து ஒன்றும் உள்ளே நிற்காமல் போனதை, ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்ததை, பிள்ளை இரண்டாம்நாள் பின்னேரம் நாலு மணிக்குப் போனதைச் சொன்னாள். இப்போதும் நாலு மணியாகும்போது நெஞ்சுக்குள் ஏதோ வந்து அடைக்குமாம்.

"வயித்திலை இருக்கிறது துடிக்கேல்லை எண்டு தோணும், மிஸி. ஏதாவது திண்டால் கொஞ்சத்திலை துடிக்கும். அப்பதான் எனக்கு மூச்சு வரும். பேந்தும் நிண்டிடும். பேந்தும் தின்னுவன். குண்டாகிறன் எண்டு எனக்குத் தெரியும். சனம் சிரிக்குது எண்டும் தெரியும். ஆனால் நிப்பாட்டினால் இதுவும் போயிடும்."

"சாப்பாட்டாலைதான் மூத்தவ போனவ எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

உள்ளே பாய் சரசரத்தது.

"இவர்தான்," என்றாள். "சேமக்காலையிலை வைச்சு."

சிமியோனுக்கு முதலில் விளங்கவில்லை. தான் அப்படிச் சொல்லவில்லை என்று எழும்பிப்போய்ச் சொல்லவே நினைத்தான். எழும்பியும்விட்டான். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

குருநகர்க் கல்லறைகளுக்கு நடுவே, பிள்ளையின் பெட்டியை அவன் தனியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனான். யாரும் கைகொடுக்கத் தேவைப்படவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்றபோது, அந்தப் பெட்டியில் பாரமே இல்லை என்பது அவனுக்குத் தாங்கவில்லை. "ஒரு பாரமும் இல்லையே," என்றான். "ஒழுங்காத் திண்டிருந்தால் பிள்ளை தங்கியிருக்கும்." யாரைப் பார்த்துச் சொன்னான் என்று இன்றைக்கும் தெரியாது. மண்ணைப் பார்த்துத்தான் சொன்னான் போலிருந்தது. ஆனால் பக்கத்தில் அவள் நின்றாள்.

அவன் தட்டியை விலத்திக்கொண்டு உள்ளே போனான். கையெல்லாம் வெங்காயச் சருகு. மிஸி அவனைப் பார்த்துவிட்டு, வெளியே போகச் சொல்லாமல், சற்று ஒதுங்கி இடம் விட்டார்.

"நான் சொன்னனான்தான்," என்றான். "எனக்கு மறந்துபோச்சு."

"எனக்கு மறக்கேல்லை," என்றாள் ஸ்ரெல்லா. அதில் கோபமில்லை.

"அது உண்மையில்லை, ஸ்ரெல்லா. ஏன் போனாள் எண்டு எனக்குத் தெரியாது. ஆரிலையாவது பிழை சொல்ல வேணும்போலை கிடந்தது. ஆண்டவரைச் சொல்லப் பயம். ஆசுப்பத்திரியைச் சொல்லி என்ன வரப்போகுது. நீ பக்கத்திலை நிண்டாய்."

அவள் அழுதாள். அடுப்படிக்குப் பின்னால் அழுத மாதிரியில்லை, சத்தம் வைத்து அழுதாள். பாலேஸ்வரி கிணற்றடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, மிஸியின் சைக்கிளைக் கண்டு திரும்பிப் போனாள்.

அழுகை அடங்கும்வரை தேவமலர் பொறுத்திருந்தார். பிறகு சொன்னார்: "பிள்ளை, நான் இருபத்தாறு வருசம் இந்த வேலை செய்யிறன். சிலது நேரத்துக்கு முந்தி வரும். ஏனெண்டு டொக்டர்மாருக்கும் தெரியாது. உம்மாலை இல்லை. சத்தியெடுத்த தாய்க்குப் பிள்ளை நல்லாப் பிறந்ததும் நான் கண்டிருக்கிறன், வடிவாச் சாப்பிட்டவவுக்கு இல்லாமல் போனதும் கண்டிருக்கிறன். இப்ப நாலு மணிதானே ஆகுது? இடப்பக்கமாச் சரிஞ்சு படும்."

பையிலிருந்து ஒரு சின்ன மரக்குழலை எடுத்தார். ஒரு முனையை ஸ்ரெல்லாவின் வயிற்றில் வைத்து, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டார். பிறகு சிமியோனைக் கூப்பிட்டார். அவன் பாயில் முழந்தாளிட்டுக் குனிந்தான். முதலில் ஒன்றுமில்லை. தன்னுடைய மூச்சுத்தான் கேட்டது. மிஸி குழலைக் கொஞ்சம் நகர்த்தினார். அப்போது, தூரத்தில் போகிற வள்ளத்தின் இயந்திரச் சத்தம்போல, இடைவிடாத சின்னத் துடிப்பு.

"இருக்கு," என்றான் அவளைப் பார்த்து. "விடாமல் அடிக்குது."

அன்றைக்கு மிஸி சில காரியங்களைச் சொல்லிவிட்டுப் போனார். நாலு மணியாகும்போது இடப்பக்கமாகப் படுத்து, வயிற்றில் கைவைத்துப் பிள்ளை பத்துத் தரம் துடிக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். துடிப்புக் குறைந்தால் உடனே ஆள் அனுப்ப வேண்டும். கிளினிக்கில் தராசில் ஏறும்போது முள்ளுக்கு முதுகைக் காட்டி நிற்கலாம், நிறையைத் தான் மட்டும் பார்த்து எழுதுவேன் என்றார். போகிற வழியில் சிமியோனிடம் தனியே, "சாப்பாட்டுக் கோப்பையைப் பறிக்காதையும். பக்கத்திலை இரும். அது போதும்," என்றார்.

சிமியோன் மார்க்கண்டரிடம் கேட்டு, விடிய ஒரு மணித்தியாலம் முந்தி வேலைக்கு இறங்கினான். மூன்றரைக்கு மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வருவான். முதல் நாட்களில் என்ன கதைப்பதென்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு மக்டலீனைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார்கள். அவளுடைய தலைமயிர் ஸ்ரெல்லாவின் தாய் லூர்த்தம்மாவின் தலைமயிர்தான் என்று இவள் சொல்ல, காது தன்னுடைய காது என்று அவன் சொன்னான். சில நாட்களில் பத்துத் துடிப்பும் கெதியாக வந்துவிடும். சில நாட்களில் வந்தும் போதாமல் அவள் எழும்பிக் கிழங்கை எடுப்பாள். அப்போது அவனும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பான். ஒருநாள் அவள் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அவனிடம் நீட்டி, "காணும், எனக்கு வேண்டாம்," என்றாள். அவன் வாங்கித் தின்றான். பாலேஸ்வரி கிழங்குக்குப் பதிலாக முருங்கையிலையும் கீரையும் அனுப்பத் தொடங்கினாள். மிஸி அவளோடும் கதைத்திருக்க வேண்டும்.

நிறை பிறகும் கூடியது, ஆனால் மெதுவாக. ஒன்பதாம் மாதம் பிரஷர் ஏறிவிட்டது. மிஸி சுணங்காமல் கடிதம் எழுதிக் கொடுத்தார். மார்க்கண்டர் தன்னுடைய லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, டீசல் இல்லாததால் மண்ணெண்ணெயில் இயந்திரத்தைப் புகைய விட்டு ஓட்டிக்கொண்டு, காலை வெயிலில் ஸ்ரெல்லாவை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஐந்தாம்நாள் ஆண்பிள்ளை பிறந்தது. ஆறு இறாத்தலுக்குக் கொஞ்சம் கூட. தாய்க்கு இரத்தம் கூடப் போனது, ஆனால் தப்பிவிட்டாள். எட்வேர்ட் என்று பேர் வைத்தார்கள்.

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஸ்ரெல்லாவுக்கு நித்திரை வரவில்லை. பிள்ளை மூச்சு விடுகிறதா என்று மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே இருப்பாள். காரணமில்லாமல் அழுவாள். தான் தாயாயிருக்கத் தகுதியில்லை என்று ஒருநாள் சொன்னாள். சிமியோன் இந்த முறை காத்திருக்கவில்லை, அன்றைக்கே மிஸியிடம் போனான். அவர் கிழமைக்கு இரண்டு தரம் வந்தார். ஒரு டொக்டரிடமும் காட்டினார்கள். அவர் மருந்து எழுதினார், தடைக்காலத்தில் பாதிதான் கிடைத்தது. பகலில் இரண்டு மணித்தியாலமாவது வேறு யாராவது பிள்ளையைப் பார்க்க, தாய் நித்திரை கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொன்னதை மட்டும் சிமியோன் தவறவிடவில்லை.

பிள்ளைக்கு மூன்று மாதம் நடக்கும்போது, ஒரு மத்தியானம், எட்வேர்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கொட்டில் வாசலில் உலாவிக்கொண்டிருந்தான். பாலேஸ்வரி ஒரு தேங்காயோடு வந்தாள்.

"ஸ்ரெல்லா எங்கை, தம்பி?"

"படுத்திருக்கிறாள், அக்கா."

"சுகமில்லையோ?"

"இல்லை, நித்திரை. பிள்ளையை என்ரை கையிலை தந்துபோட்டுத் தானாப் போய்ப் படுத்தவள்."

பாலேஸ்வரி தட்டி இடுக்கால் எட்டிப் பார்த்தாள். ஸ்ரெல்லா சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் சற்றுத் திறந்தபடி, அயர்ந்து கிடந்தாள். பாலேஸ்வரி தேங்காயைச் சத்தமில்லாமல் வாசலில் வைத்தாள்.

"பேந்து வாறன்," என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள்.