பூஜை போட்ட வில்லைகள்

எங்கள் முதலாளி சாம்பசிவம் புதிதாக எது வாங்கினாலும் பூஜை போட்டாக வேண்டும். மிக்சி வாங்கினாலும் பூஜை, மிக்சிக்கு ஜார் மாற்றினாலும் பூஜை. தல்லாகுளத்தில் கோர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் ஸ்வீட் கடையில் குங்குமம் வைக்காத பாத்திரம் கிடையாது. அப்படிப்பட்டவர் புது பில்லிங் மிஷினைச் சும்மா விடுவாரா?

மிஷினோடு நான்கு வெள்ளை வில்லைகள் வந்தன. சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளலாம். வில்லையை மிஷினில் வைத்தால்தான் பில் போட முடியும். யாருடைய வில்லையோ அவர் பெயரில் பில் ஏறும். மிஷினை மாட்ட வந்தவர் முதலாளிக்கு ஒன்று, கல்லாவில் இருக்கும் தமிழ்வாணிக்கு ஒன்று, காபி கவுன்டர் பாண்டிராஜுக்கு ஒன்று, பொட்டலம் கட்டுகிற நல்லகாமன் என்கிற எனக்கு ஒன்று எனப் பதிந்தார். ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினார். திருப்பரங்குன்றத்தில் அடுத்த வேலை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் முதலாளி நான்கையும் தாம்பாளத்தில் பரப்பி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, சந்தனம் பூசி, சூடம் காட்டினார். பிறகு ஈரத்துணியால் பக்தியோடு துடைத்தார். சந்தனத்தோடு பெயர்களும் போய்விட்டன. மனிதர் அசரவில்லை. கைக்கு வந்ததை எடுத்து, பிரசாதம் மாதிரி ஆளுக்கொன்று கொடுத்தார்.

எனக்கும் பாண்டிராஜுக்கும் யோகம், அவரவருடையதே வந்தது. தமிழ்வாணி தனக்கு வந்ததை மிஷினில் வைத்தாள். ‘வணக்கம் சாம்பசிவம்’ என்றது திரை.

“அய்யா, இது வேற ஆளு வில்லை. மாத்திக் குடுங்க” என்றாள்.

“சாமி முன்னால வச்சுக் குடுத்ததை மாத்தலாமாம்மா? அபசகுனம். போய் பில்லைப் போடு.”

“இல்லய்யா, இதுல பேரு...”

“பேருல என்னம்மா இருக்கு? எல்லாம் ஒரே கடைதானே!”

சொல்லிவிட்டுத் தன் வில்லையைக் கார் சாவியில் மாட்டிக்கொண்டார். அதை அவர் ஒரு நாளும் மிஷினில் வைத்ததில்லை. காலையில் வந்து சூடம் ஏற்றுவார், சாயங்காலம் வந்து காபி குடிப்பார். அதுதான் அவர் உத்தியோகம்.

மாதம் முடிந்தது. கடை திறக்கும் முன் எங்களைக் கூப்பிட்டு, போனில் கணக்கைப் பார்த்தார். முகம் பூரித்துப் போனது.

“பாத்தீங்களாடா! அதிகமா பில் போட்டது யாரு? நான்! மேற்பார்வை பாத்ததுக்கே அம்புட்டு ஏறியிருக்கு!”

பாண்டிராஜ் திரும்பி நின்று இருமினான். எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது.

“கடைசி யாரு தெரியுமா? தமிழ்வாணி. ஒத்த பில்லு போடல. நாளையிலருந்து நீ பின்கட்டுல பொட்டலம் கட்டு. இதுல நான் ஆளு பாக்கிறதில்ல.”

எனக்குச் சிரிப்பு நின்றது. பின்கட்டு என்றால் எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் நாளெல்லாம் நிற்கிற இடம். கீழக்குயில்குடியிலிருந்து பஸ் ஏறி வந்து அங்கேதான் அவள் வேலையை ஆரம்பித்தாள். என் பக்கத்தில் நின்று வெந்துகொண்டே தபால் வழியில் பி.காம் முடித்தாள். சண்டை போட்டுத்தான் அந்தக் கல்லா நாற்காலியை வாங்கினாள். அவள் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஆனால் அவள் அழவில்லை. எழுந்து நாற்காலியைத் துடைத்தாள்.

“சரிங்கய்யா. அதிகமா பில் போட்டவுக நீங்கதான். உக்காருங்க.”

பெருமையாக உட்கார்ந்தார். கதவைத் திறந்ததும் வக்கீல் குமாஸ்தாக்கள் கூட்டமாக உள்ளே வந்துவிட்டார்கள். முதலாளி கார் சாவியை எடுத்து வில்லையை மிஷினில் வைத்தார்.

‘வணக்கம் தமிழ்வாணி.’

வேட்டியில் துடைத்து மறுபடி வைத்தார். அதே வணக்கம். திருநீறு பூசி வைத்துப் பார்த்தார். மிஷின் மரியாதை தவறவே இல்லை.

“என்னம்மா இது? நீ இங்க நிக்கிற, உன் பேரைச் சொல்லுது?”

“நான்தான் அன்னைக்கே மாத்திக் கேட்டேனேய்யா. உங்க வில்லை என்கிட்ட, என்னது உங்ககிட்ட. நீங்கதான் அபசகுனம்னீங்க.”

கூட்டத்தில் ஒருவர், “ஏங்க, அரைக் கிலோ மிக்சருக்கு இம்புட்டு நேரமா?” என்று கத்தினார். முதலாளி திரையில் எதையோ அழுத்தினார், மிஷின் கூவியது. எழுந்து சாவியிலிருந்து வில்லையைக் கழற்றி அவள் கையில் வைத்தார். தமிழ்வாணி அதை மிஷினில் வைத்து, தன் பெயரை ஒரு தரம் நன்றாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று பில் போட ஆரம்பித்தாள்.

முதலாளி அங்கேயே நின்றார். “அப்ப... ஒத்த பில்லும் போடாதது...”

“நீங்கதான்யா” என்றாள், தலையை நிமிர்த்தாமல். “பின்கட்டுல மிக்சர் பொட்டலம் குறையுது. நல்லகாமண்ணே, அய்யாவுக்கு இடம் விடுங்க.”

நான் ஒதுங்கி நின்றேன். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். மத்தியானம் வரை பொட்டலம் கட்டினார். ஒன்றுகூட உருப்படியாக இல்லை, அத்தனையையும் நான் பிரித்துத் திரும்பக் கட்டினேன்.