மூன்றாம் மாடி மூட்டை

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கறையம்மா என்று பெயர். வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளில் எந்தக் கறை போகும், எது போகாது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். போகிறது இயந்திரத்துக்கு, போகாதது கிழித்துத் தரை துடைக்க. அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

அவளுடைய வீட்டுக்காரர் அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், பதினாலாம் நம்பர் கட்டிலில் கிடந்தார். குடித்தே ஈரலைக் கெடுத்துக்கொண்ட மனுஷன். முப்பது வருஷத்தில் அவர் கை ஓங்காத நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒருமுறை அவர் முறுக்கிய இடது மணிக்கட்டு இன்றும் கோணல்தான். சபையில் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்ற வரி வந்தால் மட்டும் அவள் வாயை மூடிக்கொள்வாள். ஆண்டவரிடம் பொய் சொல்லக்கூடாதே.

அன்று காலை போதகர் கட்டிலருகே மண்டியிட, வீட்டுக்காரர் தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதார். போதகர் வெளியே வந்து மகளின் கையைப் பிடித்து, அப்பா இரட்சிக்கப்பட்டுவிட்டார் என்றார். மகள் தேம்பினாள். இவள் போதகரை மறித்துக் கேட்டாள்.

"அரைமணி நேரம் அழுதா போதுமா ஐயா? பரலோகம் போயும் இந்த மனுஷன் மூஞ்சியிலதான் நான் முழிக்கணுமா?"

போதகர் ஆண்டவருக்குப் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைப் பற்றிச் சொன்னார். கடைசி மூச்சில் கேட்டான், கிடைத்தது. இரட்சிப்பு கூலி இல்லை, கொடை என்றார். அது அவளுக்கும் மனப்பாடம்தான். அந்தக் கள்ளனிடம் பறிகொடுத்தவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதைப் பற்றித்தான் இதுவரை எந்தப் பிரசங்கமும் அவள் காதில் விழவில்லை.

அவள் உள்ளே போனபோது வீட்டுக்காரர் கையை நீட்டினார்.

"ஆண்டவர் மன்னிச்சிட்டாருன்னு ஐயா சொல்றாரு. நீ மன்னிச்சியா?"

அவள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். வேலை கிடக்கிறது, சாயங்காலம் வருகிறேன் என்று இறங்கிவிட்டாள். முப்பது வருஷம் அவள் காத்திருந்தாளே, ஒரு பொழுது அவர் காத்திருக்கட்டும். இதை யார்தான் தப்பென்று சொல்வார்கள்?

மூன்று மணிக்கு மூன்றாம் மாடி மூட்டைகள் வந்தன. வழக்கமாக விரிப்பு மட்டும்தான் வரும். விரிப்பு, போர்வை, தலையணையுறை மூன்றும் ஒரே முடிச்சில் வந்தால் கட்டில் காலி என்று அர்த்தம். ஆள் வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது ஒரேயடியாகப் போயிருப்பார். பதினாலாம் நம்பர் சீட்டு ஒட்டியது ஒரே முடிச்சில் வந்திருந்தது. ஓடிப்போய், அலமாரியில் பூட்டி வைத்திருந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். மகள் ஏழு முறை கூப்பிட்டிருந்தாள்.

விரிப்பில் கையகலத்துக்கு ரத்தம் காய்ந்திருந்தது. போகாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஆனாலும் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, கோணல் மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தேய்த்தாள். பக்கத்தில் நின்றவள், "விடுக்கா, உனக்குத் தெரியாததா" என்றாள். அவள் விடவில்லை.

போதகர் அவளைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். அவர் வாய் திறக்குமுன் இவள் கேட்டாள்.

"ஒரே ஒரு வார்த்தை கேட்டாரு, நான் குடுக்கல. இப்ப நான் யார்கிட்டப் போய் மன்னிப்புக் கேக்குறது ஐயா?"

"அவர் கேட்ட இடத்துலதாம்மா, ஆண்டவர்கிட்ட."

"அவரு நின்ன அதே வரிசையிலயா?"

"அது ஒண்ணுதாம்மா இருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நாலடி பின்னால்தான் அவள் நடந்திருக்கிறாள். இதிலும் அவரே முந்திக்கொண்டார். ஈர விரிப்பை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இத்தனை வருஷமாக விழுங்கிய அந்த ஜெப வரியைச் சொல்லப் பார்த்தாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.