ஏழு வாரம் முந்தி

"நான் திரும்பி வர்றப்போ இது தோட்டமா இருக்குமா, காடா இருக்குமா?" போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது, கொல்லைப்புறத்தைப் பார்த்தபடி கணவர் கேட்டார்.

"வீடு மாறி வந்துட்டோமோன்னு நீங்கதான் முழிக்கப்போறீங்க" என்றாள் அவள்.

வாய்ச்சவடால்தான். தூரத்துத் துறைமுகமொன்றில் கிரேன் ஓட்டும் அவர் வருடத்தில் ஒரு மாதம்தான் வீட்டில் இருப்பார். போதும், இனிப் போக வேண்டாம் என்று சொல்ல ஐந்து வருடமாக நினைக்கிறாள். ஒவ்வொரு முறையும் சொல்லாமலே வழியனுப்பிவிடுவாள். தன்னால் சொல்ல முடியாததைத் தோட்டமாவது சொல்லட்டும் என்று ஒன்பது மாதமாக மண்ணோடு மல்லுக்கட்டினாள்.

வீட்டுத் தோட்டங்களை வடிவமைப்பதுதான் அவள் தொழில். எல்லாம் ஒரே மாதத்தில் பூக்கிற மாதிரி வைத்துவிடாதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் படித்துப் படித்துச் சொல்பவள், சொந்த வீட்டில் அதைத்தான் செய்தாள். ஆண்டுக்கொரு முறை சிவப்புப் பந்தாய் வெடிக்கும் லில்லிக் கிழங்குகள், வெள்ளையாய் விரிந்து இரண்டு நாளில் சிவக்கும் ரங்கூன் மல்லி, ஊதா மந்தாரை என எல்லாமே அவருடைய விடுமுறை மாதத்துக்கென்று தேர்ந்தெடுத்தவை.

நான்கு நாள் முன்பு போன் வந்தது. விடுமுறையை ஏழு வாரம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்களாம். வேலையை இன்னும் மூன்று வருடம் நீட்டிக்கும் ஒப்பந்தமும் தயாராம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. விடிந்ததும் ஓடிப்போய் மொட்டுத் தேடினாள். மாடியில் குடியிருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணி, எங்க அண்ணனுக்குக் குச்சிக் கண்காட்சியா?" என்றாள். சிரிப்பு வரவில்லை.

இதோ, வந்துவிட்டார். குளித்த ஈரத் தலையோடு தோட்டத்தைச் சுற்றினார். வெறும் மண்ணையும் மொட்டைக் கொடியையும் பார்த்துவிட்டு, பாவம், எதையாவது பாராட்டத் தேடி, கல் பதித்த பாதை நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

படியில் உட்கார்ந்து ஒப்பந்தக் காகிதத்தைப் பிரித்தார். சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் தேடினார்.

"நீ ஒண்ணும் சொல்ல மாட்டே. எப்பவும் போல சரிதானே?"

பேனா மூடி திறந்தது. அவள் ஒருமுறை கொடியைப் பார்த்தாள். அதில் ஒரு மொட்டுகூட இல்லை. காகிதத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"போடாதீங்க. எனக்கு இந்த ஒரு மாசப் புருஷன் வேணாம். இங்கயே இருந்துடுங்க."