பச்சைக் கட்டம்

“கையில வெச்சுப் பாக்குற சாதா தெர்மாமீட்டர் ஒண்ணு வேணும் சார்.”

மிஷினைப் பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்தவர்களின் முன்னாலேயே எழில்மதி கேட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று, வேலைக்குச் சேர்ந்த அன்றே மேனேஜர் ராஜாங்கம் சொல்லியிருந்தார். இன்னொன்று கேட்டால் வாசல் மிஷின் பொய் சொல்கிறது என்றாகிவிடுமாம்.

“மிஷினுக்கே மிஷினா?” என்றார் அவர். வந்தவர்கள் சிரித்தார்கள்.

சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலை. வாசலில் செல்போனோடு ஒட்டிய தீப்பெட்டி அளவு கேமரா, விலை கம்மி. வருகிறவர் முகத்தின் சூட்டைத் தொடாமலே படித்து, பச்சைக் கட்டம் போட்டால் உள்ளே, சிவப்பு போட்டுக் கூவினால் வீட்டுக்கு. தொடாமல் இருப்பதற்கு இந்த ஊரில் மிஷின் எதற்கு என்று முதல் நாளே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலனியில் முதல் டிகிரி அவளுடையது. கிடைத்த வேலை, தன் தெருப் பெண்களையே திருப்பி அனுப்புவது. நான்கு மாதமாக பஸ்ஸில் அவள் பக்கத்து சீட்டு காலியாகவே வருகிறது.

இரண்டு மணி ஷிப்டுக்கு வெயிலில் நடந்து வருகிறவர்களின் நெற்றிச் சூடு மிஷினுக்குக் காய்ச்சல். பெண்கள் குழாயடியில் முந்தானையை நனைத்து முகத்தில் ஒற்றிக்கொண்டு வரப் பழகிவிட்டார்கள். எல்லோருக்கும் பச்சை. சற்று முன் அவள் தெருக் கொளஞ்சியம்மாளுக்கும் பச்சைதான். ஆனால் வாசல் கேட்டின் கம்பியை விட்டால் விழுந்துவிடுவாள் போல நின்றாள். எழில்மதி எழுந்துபோய், விதியை மீறி, அவள் கழுத்தில் கை வைத்தாள். தோசைக்கல்லைத் தொட்டது போலிருந்தது.

“மூணு நாளா இப்டிதான் எழிலு. சொல்லிடாத. வேற ஆள வெச்சிடுவாங்க.”

அதன் பிறகுதான் தெர்மாமீட்டர் கேட்டாள்.

ராஜாங்கம் திரையைக் காட்டினார். “பச்சதான காட்டுது? உள்ள அனுப்பு.”

“தண்ணி தொட்டு வெச்சா பொணத்துக்கும் பச்சதான் காட்டும் சார்.”

யாரும் சிரிக்கவில்லை. இஷ்டமிருந்தால் உட்கார், இல்லாவிட்டால் அந்த நாற்காலிக்கு நாளைக்கே ஆள் வரும் என்று அவர் தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தபோது, அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“வாக்கா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“என் வேல போயிடும்டி.”

“என்னுதும்தான் போவுது. நட.”

வெளியே வெயில் வெள்ளையாகக் கிடந்தது. பஸ் நிற்கும் இடம் தூரம். நாலு எட்டு வைப்பதற்குள் கொளஞ்சியம்மாளின் தலை அவள் தோளில் சாய்ந்தது. ஈர முந்தானையையும் மீறி அந்தச் சூடு தோளில் இறங்கியது. பின்னால் யார் முகத்துக்கோ சிவப்பு விழுந்திருக்க வேண்டும். காலி நாற்காலியின் பக்கத்தில் மிஷின் விடாமல் கூவிக்கொண்டிருந்தது.