இதயம் தெரியும்வரை

என் மருமகளுக்கு ஐந்தாம் மாத ஸ்கேன். எடுக்கப்போவது என் மகள். அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கேன் டாக்டர் அவள்தான். கடைக்குட்டி என்பதால் வீட்டில் எல்லோருக்கும் சிட்டு.

மருமகளுக்கு ஒரு பயம் உண்டு. அவளுடைய அண்ணன் இதயத்திலிருந்து போகும் ரத்தக்குழாய்கள் இடம் மாறிப் பிறந்தவன். ஒரு வயதுகூடத் தாங்கவில்லை. அது தன் பிள்ளைக்கும் வந்துவிடுமோ என்று தூக்கமில்லாமல் கிடந்தாள்.

"ஜெல்லைச் சூடு பண்ணி வச்சிருக்கேன், அண்ணி. சில்லுன்னு தடவினா நாத்தனார் கொடுமைன்னு அண்ணன்கிட்ட போட்டுக் குடுத்துடுவீங்க" என்றாள் சிட்டு.

மருமகள் சிரித்துக்கொண்டே படுத்தாள்.

சிட்டு வயிற்றில் கருவியை வைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். தலை அளவு சரி. உதட்டில் பிளவு இல்லை. அதைக் காட்டிய கையோடு குழந்தை குப்புறத் திரும்பிக்கொண்டது. முதுகெலும்பு முத்துக் கோத்த மாதிரி தெரிந்தது. கிட்னி ரெண்டு. கை, கால். நஞ்சுக்கொடி மேலே இருக்கிறது, கருப்பை வாயை மறைக்கவில்லை. நெஞ்சுப் பக்கம் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. கருவியை இப்படிச் சாய்த்தாள், அப்படி அழுத்தினாள்.

மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஜில்லிட்டிருந்தது.

"ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லா இருக்கு" என்றேன் நான்.

"அம்மா, நான் இன்னும் சொல்லல." சிட்டு திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "துடிப்பு நல்லா இருக்கு, அண்ணி. ஆனா உள்ள சரியாத் தெரியல. முதுகைக் காட்டிப் படுத்திருக்கு. கொஞ்சம் நடந்துட்டு வாங்க."

"வீட்டு மனுஷிகிட்ட என்னடி இவ்ளோ கறார்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா குறைஞ்சா போயிடுவே?"

"பாக்காமலே சொல்றதுக்கு மெஷின் எதுக்கும்மா? நீயே போதுமே."



வராந்தாவில் மருமகள் அங்கும் இங்கும் நடந்தாள். "உங்க அத்தை விடமாட்டா, கண்ணு. திரும்பிப் படு" என்று வயிற்றோடு பேசினாள். திரும்பப் போனோம். குழந்தை அசையவில்லை. சிட்டு முகம் சுளிக்காமல் மறுபடி நடக்க அனுப்பிவிட்டு, அடுத்துக் காத்திருந்தவர்களுக்கு ஸ்கேன் எடுத்தாள். சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. அவளும் சாப்பிடவில்லை.

மூன்றாம் தடவை படுத்ததும் சிட்டு திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"வந்தாச்சு. இதோ நாலு அறை. நடுச்சுவர் முழுசா இருக்கு." கொஞ்சம் கருவியை நகர்த்தினாள். "இங்க பாருங்க, அண்ணி. பெரிய குழாய் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குறுக்க போகுது. இப்படித்தான் போகணும். ஸ்கேன்ல எல்லாமே தெரிஞ்சிடும்னு சொல்லமாட்டேன். ஆனா உங்க அண்ணனுக்கு இருந்த கோளாறு இதுக்கு இல்ல. என் கண்ணால பாத்துட்டேன்."

மருமகள் அவள் கையைப் பிடித்து, ஜெல்லோடு சேர்த்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நல்லா இருக்கு என்று காலையில் நானும்தான் சொன்னேன். அப்போது ஜில்லிட்ட அவள் விரல் சூடாகவில்லையே.

வெளியே ஒரு அம்மா, மாசமாயிருந்த மகளோடு காத்திருந்தார். "உள்ள ஒருத்தருக்கே இவ்ளோ நேரம் எடுக்கறாங்க. விஷயம் தெரிஞ்சவங்கதானா?" என்று என்னைக் கேட்டார்.

"என் பொண்ணுதாங்க" என்றேன். "எவ்ளோ நேரமானாலும் இருங்க. பாத்துட்டுத்தான் சொல்லுவா."