நெஃபிசேயின் பங்கு

தம்பிகள் இருவரும் நெஃபிசேயைக் கரையை விட்டு அனுப்பிய மறுநாள் காலை, கும்பூர்னு ஊரின் கடல் அவள் பின்னால் மலையேறிப் போனது. டவுன் பஸ்ஸில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அலை பாதையோரமாக, வண்டிக்கு வழிவிட்டு, ஒழுங்காகத்தான் ஏறியது. அன்று மத்தி மீன் கொஞ்சம் விலை கூடியது.

அந்த ஊரில் ஆரஞ்சும் ஆலிவும் விளைகிற உள்நிலம் ஆண்பிள்ளைகளுக்கு. உப்புப் பூத்து, ஆடுகூட வாய் வைக்காத கரை பெண்பிள்ளைகளுக்கு. கேட்டால் வழக்கம் என்பார்கள், வெட்கம் கெட்டவர்கள். நெஃபிசேயின் தகப்பன் தஹ்சின் பங்கு பிரித்த அன்று காப்பிக்கடையில் உட்கார்ந்து ஊர் கேட்கச் சொன்னார்: "பசங்களுக்குத் தோட்டம். பொண்ணுக்குக் கடல். மொத்தக் கடலையும் அவளே வச்சுக்கட்டும், யாரு கேக்கப் போறா?" கடையே குலுங்கிச் சிரித்தது. வெளியே கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்ற நெஃபிசேக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. கடைசிவரை இறங்கவில்லை.

கரையில் முப்பது வருடம் வலை இழுத்தாள், உப்புக் காய்ச்சினாள். கடற்பஞ்சு எடுக்க மூழ்கிக் கால்கள் செயலிழந்து திரும்பிய கணவனைச் சாகும்வரை தூக்கிச் சுமந்தாள். தம்பிகள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு தார்ச்சாலை வந்தது, சுற்றுலாவுக்கு வெள்ளைக்காரர்கள் வந்தார்கள், ஒரு ஆலிவ் தோப்பின் விலைக்கு ஒரு படுக்கை அகல மணல்கூடக் கிடைக்காத காலம் வந்தது. தம்பிகள் ருஸ்தெமும் சப்ரியும் இனிப்புப் பெட்டியோடு வந்தார்கள்.

"அக்கா, ஒண்டியா இந்தக் காத்துல கெடந்து ஏன் கஷ்டப்படுற? மலைமேல நம்ம கல்லுக்காடு சும்மாதானே கெடக்கு, மாத்திக்கலாம்" என்றான் ருஸ்தெம்.

"முப்பது வருஷமா இதே காத்துதான் அடிச்சுது. இன்னிக்குத்தான் உனக்குக் குளிருதாக்கும்?"

கூடப்பிறந்தவர்களிடம் முரண்டு பிடிக்கலாமா என்று இமாம் கேட்டார், அண்டை அயலார் கேட்டார்கள். தம்பிகளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. மழைக்காலத்தில் சப்ரி ஏணி போட்டு ஏறி அவள் வீட்டுக் கூரை ஓடுகளைக் கழற்றினான். நனைந்த படுக்கையில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நெஃபிசே கரையை மாற்றிக் கொடுத்தாள்.

அவள் பின்னால் ஏறி வந்த கடல் கல்லுக்காட்டுக்குக் கீழே சரிவில் படுத்துக்கொண்டது. படகுக்காரர்கள் பாறைகளில் கயிறு கட்டினார்கள். கரையை வாங்க வந்த ஓட்டல்காரர் காய்ந்த பாசியையும் செத்த நண்டுகளையும் பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு காரில் ஏறினார். அவரை நம்பித் தோட்டத்து மரங்களை முன்கூட்டியே விறகுக்கு விற்றிருந்த தம்பிகள் மூச்சிரைக்க மலையேறினார்கள்.

"கொஞ்சமாவது திருப்பி அனுப்புக்கா. பிள்ளகுட்டி இருக்கு" என்றான் சப்ரி.

"மண்ணைக் கேட்டீங்க, குடுத்தேன். கடலை நீங்க கேக்கவே இல்லையே. அது அப்பா எனக்குக் குடுத்தது. ஊரே சாட்சி, நல்லாச் சிரிச்சாங்க."

அவர்களுக்கு டீ கொடுக்கவில்லை. கும்பூர்னுவில் அதைவிடப் பெரிய அவமரியாதை கிடையாது.

அவள் கோபம் ஆறவில்லை, கடலும் இறங்கவில்லை. பஸ் இப்போது மலைமேல் துறைமுகம் வரை போகிறது. பங்கு பிரிக்கிற தகப்பன்மார் காப்பிக்கடைக் கதவைச் சாத்திவிட்டு, மகளின் பங்கை மெதுவாக, வார்த்தை பார்த்துச் சொல்கிறார்கள். யாரும் சிரிப்பதில்லை.