மூலையில் ஒரு தீப்பெட்டி அளவு படம்

இர்ஃபானா பிஸ்மி சொல்லிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்ததும் திரையிலிருந்த கட்டங்களை இடம் மாற்ற ஆரம்பித்தாள். நடுவில் அகலமாக ஓடும் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி மூலையில் ஒதுக்கினாள். காட்சித் துண்டுகள் வரிசையாக நிற்கும் டைம்லைனைத் திரை முழுக்க இழுத்துவிட்டாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவிக்குப் படம் போவதை நிறுத்தினாள். பிறகு அந்த அமைப்பைத் தன் பெயரிலேயே லேஅவுட்டாகச் சேமித்தாள். இனி ஒரு தட்டு தட்டினால் எல்லாம் இப்படியே வந்து நிற்கும்.

கீரமங்கலம் கடைத்தெருவில் நாகராசுவின் ஸ்டுடியோ ஒரே அறைதான். அவள் முதுகுக்குப் பின்னால் வாடிக்கையாளர் பெஞ்ச். அதில் உட்காருகிறவர்களுக்கு அவள் தோளுக்கு மேலாகத் திரை தெரியும். டிவி சொல்லவே வேண்டாம். கல்யாண வீடியோவை ஓடவிட்டு ஆர்டர் பிடிக்கத்தான் நாகராசு அதை மாட்டியிருந்தார்.

கோட்டைப்பட்டினம் நிக்காஹில் பெண்கள் பக்கத்தைக் கேமராவில் எடுத்தவள் அவள்தான். முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அங்கே எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது மணப்பெண்ணின் தாய் ரசியா பேகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆம்பளைக கண்ணுல படாம முடிச்சுக் குடுத்துரும்மா. ஒன்னைய நம்பித்தான் மறைக்காம சிரிச்சிருக்காளுக."

நம்பி ஒப்படைத்த பொருளை, அமானிதத்தை, காக்காவிட்டால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் இர்ஃபானா. "சரி மாமி" என்று சொல்லியிருந்தாள்.

வெட்டி ஒட்டும் வேலை அந்தச் சின்னப் படத்திலேயே முடிந்தது. ஆனால் மண்டபத்து டியூப்லைட்டில் முகங்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. தீப்பெட்டிக்குள் பார்த்து நிறம் திருத்த முடியாது. வேறு வழியில்லாமல், நிறம் திருத்துவதற்கென்று மென்பொருளிலேயே இருக்கும் லேஅவுட்டைத் தட்டினாள். படம் சட்டென்று விரிந்தது. டிவியும் விழித்துக்கொண்டது.

காதுகுத்துக்கு வீடியோ பேச வந்து பெஞ்சில் இருந்தவர் தலையை நிமிர்த்தினார். இர்ஃபானா எழுந்து இரண்டு கைகளையும் விரித்து டிவியை மறித்து நின்றாள். பக்கத்து மேசையில் வேலை பார்த்த அழகுமலை, அந்தப் பக்கமே திரும்பாமல் கையை நீட்டி டிவி சுவிட்சை அணைத்தான். நல்லவேளையாகப் படம் நின்றிருந்தது ஒரு பிரியாணித் தட்டிலும் மருதாணிக் கைகளிலும்தான். அடுத்த தடவையும் அப்படியே நிற்கும் என்று யார் சொல்ல முடியும்?

நாகராசு அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கலர் வேலையை அழகுமலையிடம் கொடுத்துவிடு, அவன் கல்யாணத்தில் பார்க்காத பெண்களா என்றார்.

"அவுகள யாரும் பாக்கமாட்டாகன்னு நான் சொல்லியிருக்கேண்ணே."

"அப்ப பச்சை மூஞ்சியோட குடுப்பியா? சனிக்கெழம பொண்ணு துபாய்க்கு ஏறுது."

"பச்சையாவும் குடுக்கமாட்டேன். கொஞ்சம் பொறுங்க."

பொறுக்கச் சொல்லிவிட்டாளே தவிர, வழி ஒன்றும் அவளிடம் இல்லை. வீட்டு லேப்டாப் இந்தக் கோப்பைத் திறந்தாலே படுத்துவிடும். படத்தை இடப்புறம் வைத்தாள், கீழே வைத்தாள், பாதியாக்கினாள். எங்கே வைத்தாலும் பெஞ்சிலிருந்து தெரிந்தது. மனசுக்குள் துஆ கேட்டுக்கொண்டே, மறுபடியும் முதலிலிருந்து கட்டங்களை நகர்த்தினாள்.

அழகுமலை எழுந்து வந்தான். திரையைப் பார்க்காமல் மேசையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"காலையிலேர்ந்து கட்டத்த இங்கிட்டும் அங்கிட்டும் இழுக்குறே. மேசைய இழுத்தா வராதா?"

மூலையில், ஃபேனுக்கு நேர் கீழே இருந்தது அவன் மேசை. அங்கே உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சுவர் மட்டும்தான்.

"அப்ப நீங்க எங்கண்ணே ஒக்காருவீங்க?"

"வாசப் பக்கம். வர்றவகளுக்கு வணக்கம் சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல."

வாசலில் வெயில் உள்ளே வரை விழுந்து கிடந்தது. அவன் தன் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான். அந்த மூலையிலிருந்து டிவிக்கு ஒயர் எட்டாதே, கடைக்கு வருகிறவன் எதைப் பார்ப்பான் என்று நாகராசு முணுமுணுத்தார். முணுமுணுத்தபடியே வந்து மேசையின் மறுமுனையைத் தூக்கினார்.

இர்ஃபானா மூலையில் உட்கார்ந்து லேஅவுட்டை மாற்றினாள். படம் திரை நிறைய விரிந்தது. பச்சை மெல்ல மெல்ல வடிந்து முகங்களுக்கு உயிர் வந்தது. படத்தில் ரசியா பேகம் மகளுக்கு ஊட்டிவிட வந்து, கவளத்தைச் சிந்திவிட்டு, தானே சிரித்தார்.

பெஞ்சில் புதிதாக வந்து உட்கார்ந்தவர், அழகுமலையின் வணக்கத்தை வாங்கிக்கொண்டு டிவியை நிமிர்ந்து பார்த்தார். இருண்ட கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, நிதானமாகத் தலையை வாரத் தொடங்கினார்.